இடது மணிக்கட்டில் ஒரு கனல்மணி

கனல்மணியை இடது மணிக்கட்டில்தான் பதிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் யாரோ, அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. அரிசியைவிடச் சிறிய பொருள். தோலுக்கடியில் உட்கார்ந்துகொண்டு, உடம்பில் அழற்சி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து, பச்சை குத்தியதுபோல மேல்தோலில் ஓர் எண்ணைக் காட்டும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அந்த எண் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்து, இந்த உடம்புக்கு எது ஆகும், எது ஆகாது என்று பட்டியல் போட்டுத் தரும். சாப்பிடும்போது வலது கைக்கு வேலை இருக்கிறது, இடது கை சும்மா மடியில் கிடக்கிறது. சும்மா கிடக்கிற கையில் பதித்தால் அளவு சுத்தமாக இருக்கும் என்று நினைத்ததில் என்ன தப்பு? 2071ஆம் ஆண்டுக்குள் நாட்டில் மூன்று லட்சம் பேருடைய இடது கையில் அது ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கை சுபிக்ஷாவுடையது.

சுபிக்ஷாவுக்கு ஐம்பத்தேழு வயது. அவள் கணவர் மிதுன்ராஜுக்கு அறுபது. அவர்கள் பிறந்த காலத்தில் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். இப்போது பிறக்கிற குழந்தைகளுக்குப் பழனியப்பன், ராமாத்தாள் என்று வைப்பதுதான் நாகரிகம். சுபிக்ஷா, மிதுன்ராஜ் என்று காதில் விழுந்தாலே கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் பேருந்தில் எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள்.

மிதுனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கேட்க வைக்கிற கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன, அவர் ஒன்றையும் பொருத்திக்கொள்ளவில்லை. தனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை என்பார். கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருந்தார். பம்புகளுக்குத் தண்டு கடைவது வேலை. ஒரு மயிரிழையைப் பத்தாகப் பிளந்தால் வருகிற அளவுக்குக்கூட அவர் கணக்கு வைப்பார். மனிதர்கள் சொல்வதில் அவருக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு, அளக்கும் கருவிகள் சொல்வதில் இம்மியும் கிடையாது.

சுபிக்ஷாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவளைப் பெற்றவர்கள் இருவரும் காது கேளாதவர்கள் என்பதால், வாய் பேசுவதற்கு முன்பே அவள் கை பேசிவிட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் வேலை. அதற்கும் இயந்திரம் வந்துவிட்டதுதான். ஆனால் அது விரலைப் படிக்கும், புருவத்தைப் படிக்காது. புருவத்தை விட்டுவிட்டால் 'கொன்றேன்' என்பதற்கும் 'நானா கொன்றேன்?' என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும் என்று நீதிபதிகள் இன்னும் மனிதரைத்தான் கேட்டார்கள்.

பகலெல்லாம் அவர் பட்டறையில், அவள் நீதிமன்றத்தில். ஆக, அவர்கள் பேச்செல்லாம் காலை டிபனுக்கும் பொழுது சாய்ந்த பிறகு சாப்பாட்டுக்கும் உட்காரும்போதுதான். சமையல் மிதுனுடையது. கொள்ளுப்பருப்பு, அரிசிம்பருப்புச் சோறு, பச்சைப்புளி ரசம், வெள்ளிக்கிழமையானால் இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகை. எதிரெதிரே உட்கார்ந்து, வலது கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் ஊர்க்கதை முழுவதும் பேசித் தீர்ப்பார்கள். அவர்கள் கையில் பேசுவதை இந்தக் கதையில் வாய்ப்பேச்சாகவே எழுதியிருக்கிறது. கோயம்புத்தூர்க் கைக்கும் ஒரு கொங்கு வாடை உண்டு என்பதை வாசகர் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

நான்கு வருடத்துக்கு முன் சுபிக்ஷாவின் கை வீங்க ஆரம்பித்தது. முடக்குவாதம் என்றார்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. மடங்காத விரலில் சொற்கள் குழறும். ஒருநாள் அவள் 'தேங்காய்' என்றது மிதுனுக்கு 'கல்யாணம்' என்று பட்டது. இருவரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் மறுபடி அப்படி ஆனபோது சிரிப்பு வரவில்லை. ஊசி மருந்து போட்டார்கள். மூட்டு தணிந்தது, கல்லீரல் கெட்டது. ஊசியை நிறுத்தியதும் மூட்டு பழையபடி கொதித்தது.

அப்படித்தான் டாக்டர் பூவாத்தாளிடம் வந்தார்கள். முப்பது வயதுப் பெண், உணவு மருத்துவத்தில் மேற்படிப்பு. அவர் சொன்னதையெல்லாம் சுபிக்ஷா கேட்டுக் கேட்டுக் கணவருக்குக் கையால் சொன்னாள்.

"உடம்புல காவலுக்கு இருக்கற நாயி வீட்டுக்காரங்களையே கடிக்குதுங்கம்மா. இந்த நோவு அதுதான். ஊசி போட்டா நாயக் கட்டிப் போட்டுரும், ஆனா திருடன் உள்ள வந்துருவான். சாப்பாட்டுல நாயப் பழக்கிப் பார்க்கலாங்க. எதைப் போட்டா கொரைக்குது, எதைப் போட்டா படுத்துக்குதுன்னு ஆளுக்கு ஆளு மாறும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மணி."

எவ்வளவு நாள் என்று மிதுன் கேட்டார். தொண்ணூறு நாள் என்றார் டாக்டர். அதற்குள் எண் முப்பத்தைந்துக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் மூட்டுகள் அரித்துப் போகும், அதற்கு முன்னால் அறுவை செய்து மணிக்கட்டையும் விரல் கணுக்களையும் அசையாமல் இறுக்கிவிட வேண்டியதுதான். வலி சுத்தமாகப் போய்விடும். கரண்டி பிடிக்கலாம், கதவு திறக்கலாம். விரல் மட்டும் மடங்காது.

இதைச் சொல்லும்போது சுபிக்ஷாவின் கையில், நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனையைச் சொல்கிற அதே நிதானம். மிதுன்தான் அவளை மறுபடி சொல்லச் சொன்னார். கைபேசியில் எழுதிக் காட்டலாம், எத்தனையோ பேர் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனால் முப்பத்தொரு வருடமாக இந்தக் கை அவரிடம் கோபித்திருக்கிறது, கேலி செய்திருக்கிறது, காய்ச்சலில் படுத்திருந்தபோது முதுகில் எழுதி ஆறுதல் சொல்லியிருக்கிறது. அந்தக் கை இல்லாத சுபியை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மணியைப் பதித்தபோது எண் அறுபத்தெட்டு.

பத்து நாளுக்கொரு முறை பட்டியல் வந்தது. முதல் பட்டியலில் கொள்ளுப்பருப்பு ஆகாது என்றிருந்தது. போகட்டும் என்று பச்சைப்பயறு கடைந்தார். இரண்டாம் பட்டியலில் பச்சைப்பயறு போயிற்று, கூடவே அரிசிம்பருப்புச் சோறும் போயிற்று. ராகிக் களியும் கீரைக் கடைசலும் வைத்தார். மூன்றாம் பட்டியலில் இரண்டும் சிவப்பு. புளியைக் குறைத்தார், எண்ணெயை மாற்றினார், செக்குக்குப் போய்த் தன் கண்முன்னே ஆட்டி வாங்கி வந்தார். எதைச் செய்தாலும் அவர் பரிமாறி அவள் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் எண் எண்பதைத் தொட்டுவிடும். நீதிமன்றத்து கேன்டீனில் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற வெளுத்துப்போன சப்பாத்திக்கு ஐம்பது. மாலையில் பேக்கரி வாசலில் நின்று சாப்பிடுகிற தேங்காய் பன்னுக்கு ஐம்பத்திரண்டு.

மூன்று வேளையும் பன்னே சாப்பிட்டுவிட்டால் தேவலாம் போலிருக்கிறது என்று சுபிக்ஷா கேலியாகச் சொன்னாள். வேறு யாராவதாக இருந்தால் இந்த இயந்திரத்துக்கு மூளை பிசகிவிட்டது என்று அன்றைக்கே தூக்கி எறிந்திருப்பார்கள். மிதுன் அப்படிப்பட்டவர் இல்லையே. கருவி ஒரு எண்ணைச் சொன்னால் அது எண்தான். தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினார். நாற்பதாம் நாள் அடுப்பை அணைத்தார். டாக்டர் அனுப்பிய பொட்டலச் சாப்பாட்டை மேசையில் எடுத்து வைத்துவிட்டு, தான் பட்டறையிலேயே சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். எதிரே உட்கார்ந்து தான் மட்டும் ரசம் குடிப்பது சரியில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

பொட்டலத்தைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதும் எண் நாற்பத்தெட்டு. மறுநாள் நாற்பத்தாறு. அதற்குமேல் இறங்கவில்லை, ஆனாலும் எண்பது எங்கே, நாற்பத்தாறு எங்கே.

இந்த மனுஷனுடைய புத்தி எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டும். சாப்பாடு மட்டும் காரணமாக இருந்தால் பொட்டலத்தை எதிரே உட்கார்ந்தே சாப்பிட வைத்துப் பார்க்கலாம் அல்லவா? ஒருநாள் பார்த்தார். அதே பொட்டலம், அவர் எதிரே. எண் எழுபத்தாறு. அன்றிலிருந்து அவருக்கு உறுதியாகிவிட்டது. சமையல்கூட இல்லை, ஆளே ஆகாது. முப்பத்தொரு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து நாமே இவளுக்கு நோய் வைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் சாப்பிட்டு முடித்ததாக மணியிலிருந்து கைபேசிக்குச் செய்தி வந்த பிறகே வீட்டுப் படியேறினார். அவள் இளைத்தாள். கன்ன எலும்பு தெரிந்தது. நீதிமன்றத்தில் நடந்தது எதையும் சொல்வதில்லை. வந்தீர்களா, குளித்தீர்களா என்பதோடு சரி.

அறுபத்தொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் பகல் பதினொரு மணிவரை அவள் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும், அடிப்படை எண்ணைக் குறித்துக்கொள்வதற்காக. மிதுன் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் என்ன வேலை என்று சுபிக்ஷா வாசலை மறித்து நின்றாள். அவசர ஆர்டர் என்றார். முப்பத்தொரு வருடத்தில் அவர் சொன்ன பொய்யில் ஒன்றுகூட அவளிடம் எடுபட்டதில்லை.

"எங்கூட ஒக்காந்து ரெண்டு வாய் சாப்பிட உங்களுக்கு அவ்ளோ கசக்குதுங்களா?"

"நீ நல்லாகோணும்னுதான்."

"ரெண்டு மாசமாச்சு, நீங்க எம் மூஞ்சியப் பார்த்து. கையப் புடிச்சு எண்ணத்தான் பார்க்கறீங்க. அந்த எண்ணையே கட்டிக்கிட்டு அழுங்க, போங்க."

பிறகு அவள் நிறுத்தவில்லை. இடது கைதான் பேசியது, வலது கை கதவைப் பிடித்திருந்தது. அடுப்பு அணைந்த வீட்டில் என்ன இருக்கிறது என்றாள். சாகப்போகிறவளுக்கு வைக்கிற மாதிரி பொட்டலத்தை வைத்துவிட்டு ஓடுகிறீர்களே என்றாள். மிதுன் அவள் முகத்தைத்தான் பார்க்க நினைத்தார், கண் பழக்கத்தில் மணிக்கட்டுக்குப் போய்விட்டது. எண்பத்தொன்று.

அவர் அப்படியே நின்றார். அவள் இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை.

அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். கை பேசும் வீட்டில் கையைப் பிடிப்பது வாயைப் பொத்துவதற்குச் சமம், அவள் கண்ணில் தீ பறந்தது. அவர் அவசரமாக, இதையே வலது கையால் சொல் என்றார். பைத்தியமா என்று கேட்டாள்.

"சொல்லு கண்ணு. இடது கை ஆடப்படாது. வலது கையில எம்புட்டு வேணாலும் திட்டு."

திட்டுவதற்கு அவளிடம் இருப்பு நிறையவே இருந்தது. சோபாவில் உட்கார வைத்தார். இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இருபது நிமிடம் வலது கை ஒன்றுவிடாமல் சொல்லித் தீர்த்தது. அவருடைய அக்கா கல்யாணத்தில் நடந்ததுகூட வந்தது. எண் எழுபதானது, அறுபதானது, ஐம்பதில் வந்து நின்றது. கோபம் ஒரு துளியும் குறையவில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

பிறகு வேறொன்று கேட்டார். இடது கையால், கோபமில்லாமல், பெண் பார்க்க வந்த கதையைச் சொல் என்றார். அவள் அப்பா தட்டில் வைத்த ஒப்புட்டை, அதாவது போளியை, மிதுன் ஒவ்வொன்றாக எடுத்து எடை பார்ப்பதுபோல் பார்த்த கதை. சொல்ல மாட்டேன் என்று ஆரம்பித்தவள் பாதியில் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். முடிக்கும்போது எண் எழுபத்தேழு.

மிதுன் தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே அடித்துக்கொண்டார், அவள் பிடித்து நிறுத்தும்வரை. ஆடுகிற தண்டின்மேல் டயல் கேஜை வைத்தால் அது ஆட்டத்தைத்தான் அளக்கும், தண்டை அளக்காது. பட்டறையில் சேர்கிற யாருக்கும் முதல் வாரமே அவர் சொல்லிக் கொடுப்பது இதுதான். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவர் தன் வீட்டில் அறுபது நாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பாடும் ஒன்றும் செய்யவில்லை, அவரும் ஒன்றும் செய்யவில்லை. அவர் எதிரே உட்கார்ந்தால் அவள் பேசினாள், அவ்வளவுதான். பேசிய கை கொதித்தது. மணி அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பழியைக் கொள்ளுப்பருப்பின்மேல் போட்டுவிட்டது.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன இருவருக்கும். பதினொரு மணிக்கு அவர் அடுப்பைப் பற்ற வைத்தார்.

மறுநாள் டாக்டர் பூவாத்தாள் முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கணினியில் சுபிக்ஷாவின் பழைய படிவத்தைத் திறந்தார்.

"சேர்றப்ப எழுபது கேள்வி கேட்டோம்ங்கம்மா. தூக்கம், பீடி, சிகரெட்டு, வேலை எல்லாம் கேட்டோம். சாப்பிடறப்ப உங்க இடது கை என்ன பண்ணும்னு ஒருத்தரும் கேக்கல." கணினியைத் திருப்பி எதையோ தேடினார். "கைப்பேச்சுக்காரங்க மட்டுமில்லீங்க. கொழந்தைய இடது இடுப்புல வெச்சுக்கிட்டுச் சாப்பிடற அம்மாக்கள் எத்தன பேரு இருக்காங்க. அவங்களுக்கெல்லாம் நாங்க எதையெதைத் தின்னாதேன்னு நிறுத்தி வெச்சிருக்கமோ."

பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் யாருக்கும் தோன்றாததை ஒரு லேத்துக்காரர் பிடித்துவிட்டாரே என்று அவருக்கு வெட்கம். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். மிதுன் அதை ஏற்கவில்லை, கருவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது தன் தொழிலுக்குத்தான் அவமானம் என்றார்.

புதிதாக இன்னொரு மணியைக் கழுத்தடியில் காறை எலும்புக்குக் கீழே பதித்தார்கள். பழையதை எடுக்கவில்லை. உடம்புக்கு ஓர் எண், கைக்கு ஓர் எண். பழைய பட்டியல்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அறுபத்திரண்டாம் நாளிலிருந்து புதுக்கணக்கு.

இந்தக் கணக்கில்தான் உண்மை வெளியே வந்தது. கொள்ளுப்பருப்புக்கு உடம்பு எண் இறங்கியது. கீரைக்கு இறங்கியது. பச்சைப்புளி ரசத்துக்கு அசையவில்லை. தேங்காய் பன்னுக்கு மட்டும் ஒன்பது ஏறியது. பேச்சு ஏற்றிய முப்பதுக்கு நடுவே அந்த ஒன்பது இத்தனை நாளும் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. சுபிக்ஷா இரண்டு நாள் பேக்கரி இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். எழுபத்தைந்தாம் நாள் உடம்பு எண் இருபத்தொன்பது. மிதுன் சந்தோஷத்தில் சந்தகை பிழிந்தார்.

ஆனால் மணிக்கட்டு அறுபதிலேயே நின்றது.

அதற்கும் டாக்டர் காரணம் சொன்னார். உடம்பில் கொதிப்பு தணிந்துவிட்டது, நாய் படுத்துக்கொண்டது. இடது மணிக்கட்டு மட்டும் முன்பே புண்பட்ட மூட்டு. நீதிமன்றத்தில் பேசும்போது சுமையை இரண்டு கையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. சாப்பாட்டு நேரத்தில் மொத்தமும் இடது கைமேல் விழுகிறது, அதுவும் இரண்டு கையால் சொல்ல வேண்டியதை ஒரு கையால் சொல்லத் திருகித் திருகி வளைகிறது. அந்த அரை மணி நேரம் அதற்கு ஓய்வு கொடுத்தால் ஆறும். கொடுக்காவிட்டால், மற்ற விரல்களெல்லாம் தப்பினாலும் இந்தக் கையை இறுக்கித்தான் ஆக வேண்டும்.

"சாப்பிடறப்ப மட்டும் பேசாம இருங்கம்மா. பதினஞ்சு நாளுதான்."

சின்ன விஷயம்தான். இரண்டு நாள் அப்படியே இருந்து பார்த்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, விடுதியில் சாப்பிடுகிறவர்கள் மாதிரி. சாப்பிட்டு முடித்துப் பேசலாம் என்றால், கை கழுவியதும் அவளுக்குச் சோர்வு வந்துவிடும், சாப்பிட்டதும் போடுகிற வலி மாத்திரை அப்படி. வழக்கமாக இரண்டு தோசை சாப்பிடுகிறவள் முதல் நாள் ஒன்றோடு எழுந்தாள். இரண்டாம் நாள் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள். சொல்ல வந்த எதையோ விழுங்குகிறாள் என்று அவள் தோளைப் பார்த்தே மிதுனுக்குத் தெரிந்தது. மணிக்கட்டு ஐம்பத்தெட்டுக்கு வந்தது. உடம்பு எண் முப்பத்தொன்றுக்கு ஏறியது. சாப்பிடாவிட்டால் ஏறத்தானே செய்யும்.

மூன்றாம் நாள் மாலை அவர் ஒரு தட்டுதான் எடுத்து வைத்தார். சுபிக்ஷா அவரைப் பார்த்தாள். அவர் நாற்காலியை அவள் பக்கத்துக்கு இழுத்துப் போட்டு, கொள்ளுப்பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, ஓர் உருண்டை பிடித்து அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

"இதென்னங்க கூத்து. யாராச்சும் பார்த்தா என்ன நெனைப்பாங்க."

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி நீட்டினார். அவள் வாயைத் திறந்தாள். வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் மென்றாள். இரண்டாவது வாய்க்குக் கண்ணைத் திறந்தாள். மூன்றாவது வாய்க்கு, மடியில் சும்மா கிடந்த இரண்டு கைகளும் மெல்ல மேலே வந்தன.

அன்றைக்கு நீதிமன்றத்தில் ஒரு சொத்து வழக்கு. மழையில் மதில் இடிந்து பக்கத்து வீட்டு மாடு செத்துப்போன விஷயம். இத்தனை வருடமும் சாப்பாட்டு மேசையில் மழை என்றால் அவளுடைய ஐந்து விரல் கீழே இறங்கும், அவ்வளவுதான், மிச்சத்தை அவர் ஊகித்துக்கொள்வார். இப்போது இரண்டு கையும் தலைக்கு மேலேயிருந்து கொட்டின. ஒரு கை மதிலாக நின்றது, ஒரு கை தண்ணீராக வந்து மோதியது. மதில் சரிந்தது. மாடு வந்தது, வக்கீல் வந்தார், மாட்டுக்காரர் வக்கீலைப் பார்த்து முறைத்தார். மிதுன் அடுத்த உருண்டையைப் பிடித்தபடியே கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் வாயைத் திறந்து காட்டி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அவளுக்கொரு வாய், தனக்கொரு வாய், பதில் சொல்ல அவருடைய இடது கை. அவர் மூட்டுகளுக்கு ஒரு குறையும் இல்லையே.

அவர் அன்று அவளுக்குக் கொடுத்தது வழக்கத்தைவிட ஒன்றரைப் பங்கு. இருவருமே கவனிக்கவில்லை.

தொண்ணூறாம் நாள் டாக்டர் பூவாத்தாள் இரண்டு எண்களையும் பார்த்தார். காறை எலும்பில் இருபத்தேழு. மணிக்கட்டில் முப்பத்துநான்கு. ஒன்றுக்கு இரண்டு தடவை துடைத்துப் பார்த்தார். அறுவைக்கு ஒதுக்கியிருந்த தேதியைக் கணினியில் அழித்தார். சுபிக்ஷா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மிதுன் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார், உட்கார முடியவில்லை அவருக்கு.

பேசாமல் இருந்தாலும் நாற்பதுக்குத்தான் வரும், அறுவைத் தேதியைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன், இவ்வளவு இறங்கும் என்று எதிர்பார்க்கவில்லை, என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். குறிப்பில் எழுத வேண்டும், மற்ற நோயாளிகளுக்கு உதவும் என்றார்.

சுபிக்ஷா கேள்வியைக் கணவருக்குக் கையால் சொன்னாள். மிதுன் முன்னால் வந்து, நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். நீளமாகவே சொன்னார். டாக்டர் அவர் கையையும் சுபிக்ஷாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவரு... கொள்ளுப்பருப்புதான் காரணம்னு சொல்றாருங்க" என்றாள் சுபிக்ஷா.

மிதுனுக்குக் காதுதான் கேட்காது. முப்பத்தொரு வருடமாகப் பார்க்கிற உதட்டில் கொள்ளுப்பருப்பு எப்படி இருக்கும் என்று தெரியாதா? அவர் அவள் முன்னால் வந்து நின்றார்.

"கோர்ட்டுல இப்படித்தான் சொல்றயா? ஜட்ஜு சம்பளத்தப் புடிச்சுருவாரு. சொன்னதச் சொல்லு."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் தொழில் என்று வந்தால் சுபிக்ஷா தப்புச் செய்ய மாட்டாள். நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு முறை உண்டு. 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. யார் பேசுகிறாரோ அவராகவே நின்று, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். முப்பது வருடமாகத் திருடனுக்கும் 'நான்' என்றாள், பறிகொடுத்தவருக்கும் 'நான்' என்றாள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மிதுன் முதலிலிருந்து ஆரம்பித்தார், அவள் அவர் கையைப் பார்த்தபடியே வாயால் சொன்னாள்.

"நான் அவளுக்கு ஊட்டி விடறனுங்க. காலைலயும் ராத்திரியும். அவளுக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கட்டும்னு. கல்யாணமாகி முப்பத்தொரு வருசம் அவ எங்கிட்ட சாப்பாட்டு நேரத்துலதான் பேசியிருக்கா, அதுவும் ஒத்தக் கையில. பாதிதான் எனக்குக் கெடச்சுது. பாதியே எனக்குப் போதும்னு இருந்தனுங்க. இப்பத்தான் முழுசாப் பார்க்கறேன். எண்ணு எறங்காம போயிருந்தாலும், இந்தப் பன்னெண்டு நாளு..."

அங்கே அவள் குரல் நின்றுவிட்டது. அது மிதுனுக்குத் தெரியாது. உதடு நின்றது தெரிந்தது. அவர் கையும் பாதியில் நின்றது. பிறகு அவள் கண்ணாலேயே மேலே போகச் சொன்னாள், அவர் போனார், அவள் கடைசிச் சொல்வரை விடாமல் சொல்லி முடித்தாள்.

முழுவதையும் அப்படியே சொன்னாளா என்று மிதுனுக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. டாக்டர் பூவாத்தாள் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்ததைப் பார்த்து, சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மிதுன் வாங்குவதற்குள் சுபிக்ஷா பறித்துக்கொண்டாள். வெளியே பேருந்து நிறுத்தத்தில்தான் அவரிடம் காட்டினாள். மருந்து என்ற இடத்தில் ஒன்றுமில்லை. உணவு என்ற இடத்தில், 'கணவர் கையால், இரண்டு வேளை, தொடர்ந்து' என்று எழுதியிருந்தது. எத்தனை நாள் என்ற கட்டத்தில் டாக்டர் எதையும் நிரப்பவில்லை.